மலையில்லா நாட்டில் மலை விருந்தினர்

பறவைகளைக் காண விரும்புவோர் இந்நாட்டில் பெரும்பாலும் மலைநாட்டையே நாடிச் செல்வர். நுவரெலியாவின் குளிரும் ஹோட்டன் சமவெளியின் மூடுபனியும் அவர்களைக் கவர்வதில் வியப்பில்லை. உலகில் வேறெங்கும் இல்லாது இலங்கைக்கே உரியவையான பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உள. அவற்றுட் பெரும்பாலானவை மலைச்சாரல்களிலும் தென்மேற்கின் ஈரக் காடுகளிலும் வாழ்கின்றன. ஆதலால், "யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்கப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், "அங்கே காகத்தையும் புலுனியையும் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று நகைப்போரே அதிகம்.

நம் குடாநாட்டில் மலையென்று பெயர் பெற்றது கீரிமலை ஒன்றுதான். அதுவும் பெயரளவில் மலையேயன்றி, கடலோரத்துச் சுண்ணாம்புக்கல் மேடேயாகும். அங்கே கடலை அடுத்து நன்னீர் ஊறும் கேணியில் நீராடலாம். நகுலேசுவரப் பெருமானை வணங்கலாம். மலையேறி மகிழ முடியாது. ஆனால், நாம் மலையைத் தேடிச் செல்ல வேண்டிய தேவையும் இல்லை. இமயத்திற்கு அப்பாலுள்ள மேட்டுநிலங்களில் பிறந்த பறவைகள் ஆண்டுதோறும் தாமே நம் வாசலைத் தேடி வருகின்றன. ஐப்பசியில் வந்து பங்குனி சித்திரை வரை தங்கிச் செல்லும் அவ்விருந்தினரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இக்கேள்வியை மனத்திற் கொண்டு, தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் உடுவிலிலிருந்து கடல்வரை ஒரு நாட் பயணம் மேற்கொண்டோம். உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகளும், விடுமுறைக்கு வந்திருந்த மருமகனும், நானுமாக மூவர். மூன்று துவிச்சக்கர வண்டிகள், ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்புப் புத்தகம், வாழையிலையிற் கட்டிய சோறு: இவையே எங்கள் மூட்டை முடிச்சு.

கதியாலும் பனையும்

உடுவில் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலுள்ள செம்மண் கிராமம். 1824-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய மகளிர் கல்லூரியால் அதன் பெயர் பலரும் அறிந்ததாயிற்று. உடுவில், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று அயலூர்ப் பெயர்கள் பலவும் 'வில்' என்று முடிவதைக் காணலாம். அவ்வீறு சிறு நீர்நிலையைக் குறிப்பது என்று அறிஞர் சிலர் கூறுவர். கொக்குவில் என்பது கொக்குகள் கூடிய நீர்நிலை என்று பொருள் சொல்வாரும் உளர். கொக்கு என்றால் மாமரமும் ஆகும் என்று மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், நம் முன்னோர் ஊருக்குப் பெயரிடும்போது நீரையும் உயிரையும் நோக்கியே பெயரிட்டனர் என்பது தெளிவு.

காலை ஆறு மணிக்குப் படலையைத் திறந்தபோது பனி விலகவில்லை. பின்வளவில் மாமரத்தடிச் சருகிலிருந்து இருகுரலாக ஒரு சீழ்க்கை ஒலி எழுந்தது.

"அப்பா, ஆறுமணிக் குருவி!" என்றாள் மகள்.

பெயருக்கேற்ப விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய அதே வேளையிற் குரல் கொடுக்கும் பறவை அது. பச்சை முதுகு, நீலத் தோள், மங்கிய மஞ்சள் மார்பு, வாலடியிற் செந்நிறம் என்று பல வண்ணம் பூண்டது. வாலோ கத்தரித்து விட்டாற்போலக் குறுகியது. சருகைக் கிளறிப் புழுக்களைத் தின்னும் இச்சிறு பறவை இவ்வூரிற் பிறந்ததன்று. இமயத்தின் அடிவாரத்துக் காடுகளிலும் நடு இந்தியாவின் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் இரவிரவாகப் பறந்து பாக்கு நீரிணையைக் கடந்து இங்கு வருகிறது. அதிகம் பறக்க விரும்பாது தரையிலேயே தத்தித் திரியும் பறவை அத்துணைத் தூரம் வருவது வியப்பன்றோ? களைத்து விழுந்த ஆறுமணிக் குருவியை ஐப்பசி மாதத்தில் விறாந்தையிற் கண்டெடுத்த அநுபவம் சில வீட்டாருக்கு இருக்கக்கூடும். அதற்குச் சிறிது இருளும் அமைதியும் கொடுத்து ஓரிடத்தில் வைத்தால், தேறியதும் தானே பறந்து விடும்.

அது எங்கள் வளவில் தங்குவதற்கு மாமரம் மட்டும் காரணமன்று, வேலியும் காரணம். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நின்று தழைத்த பழைய யாழ்ப்பாண வேலி, மனிதனுக்கு எல்லை. பறவைக்கோ அது நீண்டதொரு காடு. அதில் தேன்சிட்டுக் கூடு கட்டும். கொண்டைக்குருவி குஞ்சு வளர்க்கும். செண்பகம் அடியிலே பதுங்கி நடக்கும். ஏழெட்டாகக் கூடித் திரியும் புலுனிகள் நாள் முழுவதும் வழக்காடும். முள்முருக்குப் பூக்கும் காலத்தில் தேன் குடிக்க வராத பறவையே இல்லை எனலாம். இன்று ஊருக்குள் வேலிகள் குறைந்து சீமெந்து மதில்கள் பெருகிவிட்டன. மதிலைக் கட்டுவோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்க ஆளுமில்லை, ஓலையுமில்லை. எனினும், மதிலின் உட்புறத்திலாவது ஒரு வரிசை பூவரசும் கிளுவையும் நட்டால், பழைய காட்டின் ஒரு துண்டு எஞ்சும்.

ஒழுங்கையின் முடிவிலே பனங்கூடல். தலைக்கு மேலே வளைந்து வளைந்து பறந்தன பனை உழவாரன் குருவிகள். இவை பனையோலையின் அடிப்புறத்தில் இறகுகளைத் தம் உமிழ்நீரால் ஒட்டி, சிறு கிண்ணம் போன்ற கூட்டை அமைக்கின்றன. கூடு மட்டுமன்றி முட்டையும் அவ்வுமிழ்நீராலேயே ஒட்டப்பட்டிருக்கும். காற்றில் ஓலை தலைகீழாக ஆடினும் முட்டை விழுவதில்லை! கிளைகளில் அமர இப்பறவைகளின் கால்களுக்கு இயலாது. செங்குத்தான ஓலையைப் பற்றித் தொங்கவே அவை படைக்கப்பட்டுள்ளன. பனை இல்லையேல் இவற்றுக்குக் குடியிருப்பே இல்லை. போர்க்காலத்தில் காவலரண்களுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் வெட்டப்பட்ட பனைகளை எண்ணும்போது, மனிதரோடு இடம்பெயர்ந்தோர் யார் யார் என்ற கணக்கு முழுமை பெறவில்லை என்றே தோன்றியது.

ஆறில்லா நாட்டின் ஆறு

குடாநாட்டில் ஆறில்லை என்று பள்ளிக்கூடத்திற் படிக்கிறோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பதே பொருந்தும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. தெல்லிப்பழைப் பக்கத்து நிலங்களில் வீழும் மழைநீர் திரண்டு, கந்தரோடை, சங்குவேலி, நவாலி வழியாக வயல்களை நனைத்துக்கொண்டு அராலிக்கருகே கடனீரேரியைச் சேர்கிறது. எங்கள் பயணத்திற்கு அதனையே வழிகாட்டியாகக் கொண்டோம்.

மாரி மழை ஓய்ந்திருந்தது. வயல்களிற் கதிர் முற்றிப் பொன்னிறம் பூண்டிருக்க, தாழ்ந்த இடங்களில் இன்னும் நீர் நின்றது. வெண்கொக்குகள் வரம்புகளில் அறிஞரைப்போல் அசையாது நின்றன. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்திற் சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. நீண்ட செந்நிறக் கால்களில் பவளக்கால் உள்ளான்கள் பாவாடை தூக்கி நடக்கும் சிறுமியர் போல் அடியெடுத்து வைத்தன. அப்பால் ஆறேழு நத்தைகுத்தி நாரைகள் தலை குனிந்து வேலையில் ஆழ்ந்திருந்தன.

இந்நாரையின் அலகை உற்றுப் பார்த்தால், மேலலகும் கீழலகும் நடுவிற் பொருந்தாது ஓர் இடைவெளி விட்டு நிற்பதைக் காணலாம். வயல் நத்தையைப் பற்றி, அதன் வாயை மூடும் தகட்டை நீக்கி, உள்ளிருக்கும் சதையை உருவியெடுக்கும் கருவி அது. குஞ்சுப் பருவத்தில் இவ்விடைவெளி இராது. வளர வளரவே உண்டாகும்.

நாங்கள் தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கையில், மண்வெட்டியைத் தோளிற் சாய்த்தபடி முதியவரொருவர் வரம்பு வழியே வந்தார்.

"தம்பிமார், உதென்ன கண்ணாடி வைச்சுப் பாக்கிறியள்?"

"நாரை பாக்கிறம் ஐயா," என்றான் மருமகன்.

"உதையோ? உது வந்தா வயலுக்கு நல்லது. நத்தையைத் துடைச்சுப்போட்டுத்தான் போகும். முந்தி உது பெருங் கூட்டமா வாறது. மருந்தடிக்கத் துவங்கினாப் பிறகு குறைஞ்சு போச்சு. நாங்களும் என்ன செய்யிறது? மருந்தடிக்காட்டி நெல்லில்லை, அடிச்சா உதுகள் இல்லை."

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் வேளாண்மையின் இன்றைய இக்கட்டு முழுவதும் அடங்கியிருந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சியோடு நிற்பதில்லை. பூச்சியைத் தின்னும் தவளைக்கும், தவளையைத் தின்னும் கொக்கிற்கும் அது சென்று சேர்கிறது. நம் நிலமோ சுண்ணாம்புக்கல் நிலம். மேலே இடும் உரமும் மருந்தும் பாறை வெடிப்புகள் வழியே கிணற்று நீரிற் கலப்பதை ஆய்வாளர் பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றனர். கொக்கின் நலமும் நம் குடிநீரின் நலமும் இரண்டல்ல.

பறவைகள் வரைந்த தேசப்படம்

சங்குவேலியைக் கடந்து நவாலிப் பக்கம் செல்கையில் தரவை நிலம் விரிந்தது. மேயும் மாடொன்றின் முதுகில் அரசு வீற்றிருப்பதுபோல் அமர்ந்திருந்தது ஓர் இரட்டைவால் குருவி. மாடு அடியெடுத்து வைக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடித்து, மறுபடியும் அதே ஆசனத்தில் வந்தமரும். உடல் முழுவதும் மின்னும் கருமை. வால் மீன்வால் போலப் பிளந்தது. தமிழ்நாட்டில் கரிச்சான் என்றும் வழங்குவர். தன் கூட்டை அணுகும் காகத்தையும் பருந்தையும் துரத்தியடிக்கும் தீரம் உடையது.

நமக்கு இது மிகப் பழகிய பறவை. ஆனால் கண்டியிலோ காலியிலோ வாழ்வோர் இதனைத் தம் ஊரிற் காண்பதில்லை. இலங்கையில் இக்கரிய இனம் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் மட்டுமே வாழ்கிறது. தெற்கே உள்ளது வயிறு வெளுத்த வேறோர் இனம். இரட்டைவால் குருவி மட்டுமன்று. வடலிகளுக்கிடையே "கித்திரி கித்திரி" என்று கத்தும் கவுதாரியும், கழுத்திற் கரிய அரைவளையம் பூண்ட கள்ளிப்புறாவும், முள்மரத்து உச்சியிலிருந்து ஓணானைக் குறிபார்க்கும் நீண்டவாற் கீச்சானும் இவ்வாறே. யாழ்ப்பாணம் தொடங்கி மன்னார் வழியாகப் புத்தளம் வரையுள்ள வறண்ட கரையோரத்தில் இவை உண்டு. அதற்கப்பால் இவற்றைக் காண்பது அரிது. ஆயின், கடலைத் தாண்டித் தமிழ்நாட்டிற்குச் சென்றால் இந்நான்கும் வயற்புறமெங்கும் காணக் கிடைப்பவை!

இதன் காரணத்தைத் தேடினால் நிலத்தின் வரலாறு விளங்கும். பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். உலகம் பனியால் மூடுண்டிருந்த காலத்தில் கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது; அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். பனி உருகிக் கடல் ஏறிய பின்னரே, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இடையே நீர் புகுந்தது. வடகரையின் வெயிலும் முள்மரமும் வெளிநிலமும் எதிர்க்கரையை ஒத்திருந்தமையால் அப்பறவைகள் இங்கே நிலைத்தன. தெற்கின் அடர்ந்த காடு அவற்றுக்கு ஏற்றதாயிருக்கவில்லை. மனிதர் வரையும் தேசப்படத்தில் கடலே எல்லை. பறவைகள் வரைந்த படத்திலோ எல்லை காட்டின் தன்மையிலும் மழையின் அளவிலும் இருக்கிறது.

இவ்வுண்மையை முதலிற் குறித்தவருள் எட்கர் லேயார்ட் என்பவர் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கில அரசின் சேவையில் இலங்கையிலிருந்த அவர், குடாநாட்டிலும் பறவைகளைச் சேகரித்துத் தம் குறிப்புகளை 1853, 1854-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். இலங்கைக்கே உரிய கிளியினம் ஒன்று ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவருக்குப் பின் படையதிகாரியாக வந்த வின்சென்ற் லெக் என்பவர் 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். 1955-இல் ஜீ. எம். ஹென்றி எழுதிய கைநூல் பல தலைமுறை மாணவருக்கு வழித்துணையாயிற்று. ஆனால், இந்நூல்களில் ஏறிய பெயர்களிலும் பழைய பெயர்கள் நம் கிராமத்தார் வாயில் உள. புலுனி, ஆக்காட்டி, உள்ளான், உப்புக்கொத்தி, கூழைக்கடா என்று பறவையின் குரலையும் தொழிலையும் உருவையும் கண்டு இட்ட அப்பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது மாணவர் செய்யத்தக்க அரும்பணி. பெயர் மறைந்தால் பறவை கண்ணெதிரே நின்றாலும் நமக்கு அது வெறும் 'குருவி'தான்.

பரவைக்கடலிற் பந்தி

நண்பகல் கடந்து கல்லுண்டாய் வெளியை அடைந்தோம். மரமென்று ஒதுங்க ஒன்றுமில்லாத வெட்டவெளி. ஒரு புறம் உவர்நிலம். மறுபுறம் கணைக்கால் அளவு நீரோடு பரந்து கிடக்கும் பரவைக்கடல். காற்று முகத்தில் உப்பை அப்பியது. வழியில் குவிந்து புகைந்துகொண்டிருந்த குப்பைமேட்டைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டோம். அங்கும் பறவைகள் இருந்தன. காகமும் மாட்டுக்கொக்கும் பிளாஸ்ரிக் பைகளைக் கிளறிக்கொண்டிருந்தன. அக்காட்சியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுத மகளுக்கு மனம் வரவில்லை. "எழுது, அதுவும் இன்று கண்டதுதான்," என்றேன்.

சற்று அப்பால் நீரின் நடுவே நீண்டதொரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. தொலைநோக்கியை வைத்த மருமகன் சிறிது நேரம் பேசவே இல்லை. பின்னர், "மாமா, அவ்வளவும் பூநாரை!" என்றான்.

பூநாரையின் அலகு நடுவில் முறிந்தாற்போல் வளைந்தது. தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவை உந்துகருவிபோல் இயக்கி, நீரையும் சேற்றையும் உள்ளிழுத்து, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற அமைப்பால் வடித்து, சிற்றுயிர்களையும் பாசியையும் உண்கிறது. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் இறகுக்குச் செம்மை தருகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறமே. இவை பெருந்தொகையாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கச்சுப் பெருவெளி. குஞ்சு வளர்ந்தபின் நீரும் உணவும் உள்ள இடங்களை நாடிக் கரையோரமாகத் தெற்கே பரவுகின்றன. எதிர்க்கரையிலுள்ள கோடிக்கரைச் சதுப்பும், நம் மன்னாரும், சுண்டிக்குளமும், இப்பரவைக்கடலும் அவற்றின் தங்குமடங்கள். கீரிமலைப் பக்கத்துக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு நேர்வழியில் ஏறத்தாழ முப்பத்தைந்து மைல்தான். நமக்குக் கடவுச்சீட்டு வேண்டிய பயணம் அவற்றுக்கு ஒரு காலைப் பொழுது.

பூநாரையின் அழகிலேயே கண்ணைப் பறிகொடுத்தால் காலடியிலுள்ள அற்புதத்தைத் தவறவிட நேரும். சேற்றோரத்தில் எலிக்குஞ்சுகள் போலச் சிறுசிறு பறவைகள் ஓடுவதும் நிற்பதும் கொத்துவதுமாயிருந்தன. அவற்றுட் சில கொசு உள்ளான்கள், கையளவுப் பறவைகள். சைபீரியாவின் வடகோடியில், கோடையிலும் நிலத்தடி உறைந்து கிடக்கும் வெளிகளில் முட்டையிடுபவை. சில வாரங்களே நீடிக்கும் அவ்விடத்துக் கோடை முடிந்ததும் கண்டத்தைக் குறுக்கே கடந்து இங்கு வந்து சேர்கின்றன. அவற்றுக்கிடையே ஓடிய உப்புக்கொத்திகளில் ஓரினம் திபெத்து மேட்டுநிலத்திலிருந்து வந்தது.

அவை ஏன் இங்கே வந்து நிற்கின்றன? வடதுருவத்திலிருந்து இந்துமகா சமுத்திரம் வரை சுமார் முப்பது நாடுகளைத் தொட்டு நிற்கும் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனை இலங்கை. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் ஏதுமில்லை. இங்குள்ள சேறு அவற்றுக்கு வழிநடைச் சத்திரமன்று, பயணத்தின் முடிவிடம். பங்குனி மாதத்திற் புறப்படுமுன் இச்சேற்றிலுள்ள புழுக்களையும் நண்டுக்குஞ்சுகளையும் தின்று உடலிற் கொழுப்பைச் சேர்த்தாலன்றி இமயத்தைக் கடக்க இயலாது. ஆகவே, யாழ்ப்பாணத்துச் சேற்றில் உணவு குறைந்தால் சைபீரியாவிற் கூடு குறையும்.

காக்கைதீவிலிருந்து பண்ணை வரை

வெயில் தணிந்ததும் காக்கைதீவு வழியாகப் பண்ணைப் பாலத்திற்குச் சென்றோம். காக்கைதீவுக் கரையில் மீனவர் வலையுதற, செம்பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிட்டன. பரவைக்கடலிற் களங்கட்டித் தடிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொரு தடியிலும் ஒரு பறவை. ஒன்றில் நீர்க்காகம், ஒன்றில் ஆலா, மற்றொன்றில் மீன்கொத்தி. மனிதனும் பறவையும் ஒரே கடலில் ஒரே மீனைப் பங்கிட்டுண்ணும் காட்சி.

பண்ணையில் நகருக்கும் மண்டைதீவுக்கும் இடையே கடலை ஊடறுத்துச் செல்லும் வீதியில் நின்றபோது, அன்று நாங்கள் எதிர்பார்த்து வந்த விருந்தினர் தலைக்கு மேலேயே வந்தனர்: பழுப்புத்தலைக் கடற்காகங்கள். வெண்ணிற உடல், சாம்பற் சிறகு, சிறகு நுனியிற் கருமையும் அதனுள்ளே வெள்ளைப் புள்ளியும். பெயரிற் பழுப்புத்தலை என்றாலும் மாரிக்காலத்தில் அந்நிறம் உதிர்ந்து, கண்ணின் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டும் எஞ்சியிருக்கும். திரும்பிச் செல்லும் காலத்திற் சிலவற்றுக்குப் பழுப்பு மறுபடியும் ஏறத்தொடங்கும்.

இவை கூடு கட்டுவது எந்தக் கடற்கரையிலும் அன்று! லடாக், திபெத்து, பாமீர் ஆகிய மேட்டுநிலங்களின் ஏரிகளில், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் இவை முட்டையிடுகின்றன. நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதன் சிகரத்தையும் கீழே விடும் உயரத்திற் பிறந்த பறவை, கடல்மட்டத்தில் நின்ற எங்கள் தலைக்கு மேலே கையெட்டும் தூரத்தில் மிதந்து, மீனவர் எறிந்த சிறு மீனைக் காற்றிலேயே பற்றியது. மலையைக் காண நாங்கள் போகவில்லை. மலை எங்களைக் காண வந்தது.

இப்பயணங்கள் கற்பனையல்ல என்பதை இன்றைய விஞ்ஞானம் மெய்ப்பித்துள்ளது. 2021-ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரில் வேறோரினக் கடற்காகம் ஒன்றிற்குச் சிறு செய்மதிக் கருவியைப் பொருத்தினர். அது இந்தியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை சென்று, மீண்டும் மன்னாருக்கே திரும்பியது. பரந்த உலகில் தான் விட்டுச்சென்ற சிறு கரையை அது மறக்கவில்லை.

நாங்கள் அன்று குறித்த இனங்கள் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. துவிச்சக்கர வண்டியில் ஒரு நாளிற் கண்டவை இவை.

விருந்தோம்பும் கடமை

2009-ஆம் ஆண்டு வரை இக்கரைகளில் தொலைநோக்கியோடு நிற்பது நினைத்தும் பார்க்க முடியாத செயல். கடனீரேரி அப்போது காவலரணும் கண்ணிவெடியுமாக இருந்தது. கடலைக் கடந்தவர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்தனர். பறவையைப் பார்க்க எவருக்கும் மனமும் இல்லை, பொழுதும் இல்லை. ஒரு தலைமுறை தன் கடலைப் பாராமலே வளர்ந்தது. இப்போது பார்க்கும் காலம் வந்துள்ளது. பார்க்கத் தொடங்கும் அதே காலத்திற் கரைகள் மண்ணிட்டு நிரப்பப்படுவதும், கண்டல் மரங்கள் வெட்டப்படுவதும், குப்பை குவிவதும் பெருகுகின்றன. கொக்கிளாய் 1951-இலும் சுண்டிக்குளம் 1938-இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளம் 2015-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆனால், உடுவிலின் வேலியையும் வழுக்கையாற்று வயலையும் கல்லுண்டாய்ச் சேற்றையும் எந்த அறிவித்தலும் காப்பாற்றாது. அங்கு வாழ்வோரே காப்பாற்ற வேண்டும்.

இது பறவைக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று. மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்டுவது வழுக்கையாற்று நிலம். இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது கண்டலின் வேரடியில். புயலின் வேகத்தைத் தணிப்பதும் அதுவே. பறவை இருக்குமிடத்தில் நீர் நலமாயிருக்கிறது என்று அறியலாம். பறவை விலகிய இடத்தில் நாமும் விழித்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு இப்பயணத்தைச் செய்ய விரும்புவோர் மார்கழி முதல் மாசி வரையுள்ள காலத்தைத் தேர்ந்துகொள்க. விடியலில் வயற்புறத்தையும், மாலையிற் கடற்புறத்தையும் பார்ப்பது நன்று. தொலைநோக்கி ஒன்று போதும்; இரவல் வாங்கினாலும் குறைவில்லை. கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படம் எடுத்தலைத் தவிர்க்க. வலசைப் பறவை ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும் அது சேர்த்த கொழுப்பிற் சிறிது வீணாகிறது. கண்டதைக் கண்ட நாளோடும் இடத்தோடும் எழுதிவைக்க. பத்தாண்டு கழித்து அக்குறிப்பு ஒரு சாட்சியமாகும்.

விரத நாளிற் காகத்திற்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணும் மக்கள் நாம். முகம் அறியாதவர் படலையைத் தட்டினாலும் தண்ணீர்ச் செம்போடு எதிர்கொள்வது நம் வீட்டு வழக்கம். இமயத்தின் அப்புறமிருந்தும் உறைபனி நாட்டிலிருந்தும் வழி தவறாது நம்மிடம் வருவோர்க்குச் சோறும் வேண்டா, செம்பும் வேண்டா. சிறிது சேறும், சிறிது நீரும், ஒரு வரிசை வேலியும் இருந்தாற் போதும். அவற்றை அழியாமல் வைத்திருப்பதே நாம் அளிக்கத்தக்க விருந்து.